நாற்காலிக்குக் காசு மிஞ்சவில்லை

ஒரு நாற்காலியின் மேல் வந்த கோபத்தில்தான் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எண்பதுகளின் கடைசியில், திருச்சியில், ஒருத்தி சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கினாள் என்றால் அதற்கு அறிவோ பணமோ காரணமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அறிவு அளவாகத்தான் இருந்தது, பணம் அதற்கும் கீழே. கோபம் மட்டும் தாராளமாக இருந்தது.

மெயின் கார்டு கேட் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நானும் என் சிநேகிதியும் சொல்லிக்கொடுக்கிற வேலை பார்த்தோம். நான் மேலப்புதூர்க்காரி. மாதா கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். அவள் ஸ்ரீரங்கத்து மருமகள், சித்திரை வீதியில் வீடு. நான் படபடவென்று பேசுவேன், அவள் யோசித்து ஒரு வார்த்தை பேசுவாள். இரண்டு பேருக்கும் டைப் வேகம் மட்டும் ஒன்று.

மத்தியானத்தில் மாணவர்கள் வராத நேரத்தில், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களின் தீசிஸை அடித்துக் கொடுப்போம். அதைப் போல ஒரு தண்டனை கிடையாது. இருநூறு பக்கம் அடித்து முடித்த பிறகு, கைடு என்கிற பேராசிரியர் முப்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுவார். அங்கிருந்து கடைசி வரை எல்லாப் பக்கமும் மறுபடி அடிக்க வேண்டும். அந்தப் பேராசிரியர்களை நான் மனதுக்குள் திட்டிய திட்டுக்கு, கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

அப்படி இருக்கும்போது தில்லை நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஏதோ காகிதம் கொடுக்கப் போனோம். அங்கே ஒருவர் கம்ப்யூட்டரில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு வரி சேர்த்தார். கீழே இருந்த வரிகள் எல்லாம், பஸ்ஸில் உட்கார இடம் விடுகிறவர்களைப் போலத் தாமாகவே நகர்ந்து கொடுத்தன. நான் என் சிநேகிதியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

இன்ஸ்டிட்யூட் முதலாளியிடம் போய், இப்படி ஒன்று வாங்கலாம் சார் என்றோம். உலகம் இருக்கிற வரைக்கும் டைப்ரைட்டர்தான் என்றார். அப்படியானால் நாங்களே வாங்கித் தனியாகத் தொழில் செய்கிறோம் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"தாராளமா போங்கம்மா. உன் நாற்காலி காலியாத்தான் கிடக்கும். ஒரு மாசம் கழிச்சு வந்து உக்காந்துக்கலாம்."

நல்ல மனிதர்தான், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அந்த நாற்காலியில் இனிமேல் உட்கார்ந்தால் என் பேரை மாற்றிக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். அதில் ஒரு வருத்தம் உண்டு. தேக்குக் கால், பிரம்புப் பின்னல், கை வைக்காத நாற்காலி அது. டைப் அடிக்கிறவளின் முதுகுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். அதைப் போன்ற நாற்காலியில் நான் அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய சீட்டுப் பணம் கையில் இருந்தது. கம்பெனிகள் விற்கிற கம்ப்யூட்டரின் விலையை விசாரித்தோம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று ஆகிவிட்டது. பிறகு அந்த ஆடிட்டர் ஆபீஸ்காரர்தான் ஒரு வழி சொன்னார். மெட்ராஸில் ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாகத் தனித்தனியே பொறுக்கி வாங்கினால், கடையிலேயே பொருத்திக் கொடுத்துவிடுவார்களாம். பாதி விலையில் முடியுமாம்.

என் சிநேகிதியின் வீட்டில் இதற்குச் சம்மதம் வாங்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் அதை வைக்கப் போகிறோம். அவள் கணவர் உப்பிலியபுரத்தில் வாத்தியார். சனி ஞாயிறுக்குத்தான் வருவார், வந்தாலும் 'உனக்குச் சரின்னா எனக்குச் சரி' என்கிற ரகம். வீட்டில் ராஜ்யம் அவளுடைய மாமியாருடையது. நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். அறுபதை நெருங்கிய வயது, கணீரென்ற குரல், எதிலும் தலையை நுழைத்துப் பார்க்கிற ஆர்வம். தனித்தனியாகப் பொறுக்கி வாங்குவது என்றதும் மாமி முகம் சுளிப்பார் என்று பயந்துகொண்டிருந்தோம். மாமி நேர்மாறாகச் சொன்னார்.

"பொறுக்கி வாங்கறதுதாண்டி ஒசத்தி. காந்தி மார்க்கெட்ல கூறு கட்டி வெச்சிருக்கறதை வாங்கினா, மேல ரெண்டு நன்னா இருக்கும், அடியில அத்தனையும் சொத்தை."

கம்பெனிக் கம்ப்யூட்டரைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ரிச்சி தெருவில் நாங்கள் நுழைந்த கடையில் முதல் கேள்வி, சார் வரவில்லையா என்பது. எந்த சார் என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் நாங்கள்தான் என்று புரிந்த பிறகு நாற்காலி போட்டார்.

கீபோர்டில் ஆரம்பித்தேன். கடையில் இருந்த கீபோர்டுகளை எல்லாம் வரிசையாக வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏ எஸ் டி எஃப் என்று முதல் பாடத்தை அடித்துப் பார்த்தேன். எதனோடும் இணைக்காத கீபோர்டில் ஒருத்தி கண்ணை மூடி டைப் அடிப்பதைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். சிலவற்றில் எழுத்து கொழகொழவென்று இறங்கியது. ஒன்றில் சுண்டு விரல் அழுத்தியது எனக்கே தெரியவில்லை. கடைசியில் கனமாக, டக்டக்கென்று திருப்பிப் பேசுகிற ஒன்று கிடைத்தது. எனக்கும் அதற்கும் குணம் ஒத்துப்போயிற்று. விலை கொஞ்சம் அதிகம். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று சிநேகிதியும் சொன்னாள்.

திரையை அவள் தேர்ந்தெடுத்தாள். பச்சை எழுத்துத் திரையும் மஞ்சள் எழுத்துத் திரையும் இருந்தன. இரண்டுக்கும் எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் நெளிந்தார். பிறகு, பச்சையைப் பார்த்தால் தலை வலிக்கிறது, மஞ்சள்தான் என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம். ஹார்டு டிஸ்க் வாங்கினால் நல்ல பிரிண்டர் வாங்க முடியாது. நல்ல பிரிண்டர் வாங்கினால் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஹார்டு டிஸ்க் என்பது கம்ப்யூட்டரின் உள்ளேயே எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற பெட்டி. அது இல்லாவிட்டால் ஃபிளாப்பிகளை வைத்துக்கொண்டுதான் குடித்தனம். ஃபிளாப்பி என்றால், இப்போது பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன், சதுரமான கறுப்பு உறை. உள்ளே அப்பளம் மாதிரி மெல்லிய பழுப்பு வட்டம். உறையில் ஒரு பக்கம் நீளவாக்கில் சின்ன ஜன்னல் திறந்திருக்கும், அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் அந்த வட்டத்தைத் தொட்டுப் படிக்கும். கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கிற புரோகிராமும் ஒரு ஃபிளாப்பியில்தான், நாம் அடிப்பதைச் சேர்ப்பதும் ஃபிளாப்பியில்தான். ஃபிளாப்பி போனால் எல்லாம் போனது.

கடைக்காரர் ஹார்டு டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரா என்று உச்சுக் கொட்டினார். நாங்கள் வாசலில் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டே யோசித்தோம். தீசிஸுக்குக் காசு கொடுக்கிறவர் காகிதத்தைத்தான் பார்ப்பார், உள்ளே என்ன பெட்டி இருக்கிறது என்று திறந்து பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுத்து நன்றாக விழ வேண்டும் என்றாள். பிரிண்டர் ஜெயித்தது. இரண்டு ஃபிளாப்பி போடுகிற வாய் வைத்த கம்ப்யூட்டரும், எழுத்து முத்து முத்தாக விழும் பிரிண்டரும், ஒரு பெட்டி ஃபிளாப்பியும் வாங்கினோம்.

கடைசியில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. நான் தெருக்கோடியில் ஒரு கடையில் நல்ல நாற்காலியைப் பார்த்து வைத்திருந்தேன். அவள் மெதுவாக, ஸ்ரீரங்கத்தில் சாயங்காலமானால் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்தினாள். விளக்கு போட்டால் விளக்கு எங்கே என்று தேட இன்னொரு விளக்கு வேண்டும். ஆகவே நாற்காலிக்கு வைத்திருந்த காசு வோல்டேஜைச் சீராக்குகிற ஒரு கனத்த இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியபோது எனக்கு வந்த கோபத்தை நான் யார்மேல் காட்டுவது?

பகல் வண்டியில் திரையை மடியில் வைத்துக்கொண்டே வந்தோம். எதிர் சீட்டு அம்மாள், டிவியா என்று கேட்டு, கம்ப்யூட்டர் என்றதும் தன் குழந்தையைத் தள்ளி உட்கார வைத்தாள். வீட்டில் வைத்து சுவிட்சைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. மாமி பெருமாளை அழைத்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். டைப்ரைட்டரைக் கழற்றிப் பழகிய கைதானே. உள்ளே செருகியிருந்த ஒரு சர்க்யூட் அட்டை, ரயில் குலுக்கலில் பாதி எழும்பி நின்றது. அழுத்தி உட்கார வைத்ததும் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. நாங்கள் மூன்று பேரும் சத்தமாகச் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அவ்வளவு சந்தோஷம்.

உட்காருவதற்கு மாமி ஒரு முக்காலி கொடுத்தார். அவர் அரிசி புடைக்கும்போது உட்காருவது. என் சிநேகிதி பக்கத்தில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நாற்காலியில் இருந்தவள் முக்காலிக்கு வந்தேன், ஒரு கால் குறைந்ததுதான் கண்ட லாபம் என்று தினமும் புலம்புவேன். முதுகு வலிக்கும்போதெல்லாம் அந்த முதலாளியின் சிரிப்பு ஞாபகம் வரும்.

முதல் வேலை வந்தது. காட்டூரில் இருந்து ஸ்கூட்டரில் வருகிற ஒரு தாவரவியல் லெக்சரர், வாழைக்கு வருகிற வாடல் நோய் பற்றிய தீசிஸ். விஜயதசமிக்கு மறுநாள் சாயங்காலம் அவர் பஸ் ஏறி, அதற்கு அடுத்த நாள் யுனிவர்சிட்டியில் கொடுத்தாக வேண்டும். அதுதான் கடைசிக் கெடு. இதை நேரத்தில் கொடுத்துவிட்டால் அவர் காலேஜில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கொடுக்காவிட்டால் அந்த ஏழெட்டுப் பேரும் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போவார்கள். நாங்களும் அங்கேதான் போக வேண்டும். அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது என்று பழைய மாணவி ஒருத்தி வந்து சொல்லிவிட்டும் போனாள்.

நடுவில் நவராத்திரி வந்தது. மாமி வீட்டுக் கொலுவைப் பார்க்க வீதியே வரும். அந்த வருஷம் கொலுவுக்கு ஒரு பார்வை, கம்ப்யூட்டருக்குப் பத்து பார்வை. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறையில் நின்றுவிடுவார்கள். மாமி எங்களை ஒரு வேலையும் செய்ய விடாமல், வந்தவர்களின் பெயரையெல்லாம் அடித்துக் காகிதத்தில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுவார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணியோடு இங்கிலீஷில் பெயர் அடித்த ஒரு துண்டுக் காகிதம். ரிப்பன் தேய்கிறதே என்று நான் பல்லைக் கடித்தேன். மாமியின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் அதைச் சொல்ல வாய் வராது.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் ஒரு வழக்கு எழுந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. கம்ப்யூட்டர் புத்தகம் இல்லையே, ஆயுதம்தானே என்று நான் வாதாடினேன். ஆயுத பூஜையும் அதே நாள்தான் என்று மாமி சொன்னார். எந்தப் பக்கம் போனாலும் லீவு. டிவி பெட்டியை மட்டும் அவர் பூஜையில் சேர்க்கவில்லை, சாயங்காலம் பார்க்க வேண்டியிருந்தது. பரவாயில்லை, அடித்து முடித்தாயிற்று, திருத்தியும் ஆயிற்று, விஜயதசமி காலையில் ஆரம்பித்தால் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

விஜயதசமியன்று காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஓடினேன். மறுபூஜை முடிந்திருந்தது. முன்னறையில் கம்ப்யூட்டருக்கு மல்லிகைச் சரம், பிரிண்டருக்குச் சந்தனம், கீபோர்டில் நீளமாக இருக்கிற ஸ்பேஸ் பாருக்கு ஒரு குங்குமப் பொட்டு. ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் பட்டுத் துணியின் மேல் அடுக்கி வைத்திருந்த ஃபிளாப்பிகளைச் சிநேகிதி பயபக்தியோடு எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். நல்ல நாள், முதல் வரியை நீ அடி என்றார் மாமி. நான் புரோகிராம் ஃபிளாப்பியை உள்ளே தள்ளப் போனேன். மூக்கில் சந்தன வாசனை அடித்தது.

கையை இழுத்துப் பார்த்தேன். அந்தச் சின்ன ஜன்னலில், பழுப்பு வட்டத்தின் மேலேயே, சந்தனம் வைத்து அதன் நடுவில் அழகாகக் குங்குமம் வைத்திருந்தது. காய்ந்து கெட்டியாகிவிட்டது. அடுத்ததைப் பார்த்தேன், அதிலும். தீசிஸ் இருந்த ஃபிளாப்பிகளிலும். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று என் சிநேகிதி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள், புத்திசாலி. அந்த நகல்களையும் சேர்த்தே பூஜைக்குக் கொடுத்திருந்தாள். அசலுக்கு வைத்துவிட்டு நகலுக்கு வைக்காமல் விட மாமிக்கு மனசு வரவில்லை.

இதை அப்படியே உள்ளே தள்ளினால் படிக்கிற முனையும் சேர்ந்து கெடும். புரோகிராம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டி, மெட்ராஸுக்குப் போய்த்தான் வேறு வாங்க வேண்டும். லெக்சரர் மறுநாள் சாயங்காலம் வந்து நிற்பார்.

"இதுல போய் யாராவது பொட்டு வைப்பாங்களா மாமி?" என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், வீதிக்கே கேட்டிருக்கும்.

மாமிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அந்தக் கணீர்க் குரல் எங்கோ போய்விட்டது.

"மொழுமொழுன்னு பளபளன்னு தெரிஞ்சுது. அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன். மூஞ்சிக்கு வெக்காம முதுகுக்கா வெப்பா?"

எனக்கு வந்த ஆத்திரம் உச்சிக்கு ஏறி, அங்கே போக இடமில்லாமல் சிரிப்பாகத் திரும்பிவிட்டது. தொடங்கிய சிரிப்பு நிற்கவில்லை. என் சிநேகிதி அழுதுகொண்டிருந்தவள், என்னைப் பார்த்துப் பயந்துபோய் அழுகையை நிறுத்தினாள். கையிலிருந்து நழுவ இருந்த ஃபிளாப்பியை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மெட்ராஸில் கடைக்காரர் தொடாதே, வளைக்காதே, வெயிலில் வைக்காதே என்று ஆயிரம் சொல்லியிருந்தார். கழுவாதே என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? கத்தரிக்கோல் கேட்டேன்.

என் சிநேகிதி வேண்டாம் வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். எப்படியும் இது செத்ததுதான், பிழைத்தால் சரி, பிழைக்காவிட்டால் இதற்கு மேல் சாக என்ன இருக்கிறது என்றேன். உறையின் ஓரத்தை நறுக்கி, உள்ளே இருந்த வட்டத்தை விளிம்பைப் பிடித்து உருவினேன். மாமி கிட்டத்தில் வந்து பார்த்து, நிஜமாகவே அப்பளம் மாதிரிதான் இருக்கு என்று சொன்னார், ஆனால் மெல்லிய குரலில்.

கழுவுவது யார் என்று வந்தபோது மாமி கையை நீட்டினார். தான் வைத்ததைத் தானே எடுக்கிறேன் என்றார். முற்றத்துக் குழாயில் தண்ணீரை நூலாக விட்டு, விரலின் சதையால் தேய்க்காமல் தேய்த்தார். பட்டுப்புடவையில் பட்ட சந்தனத்தை எடுக்கிற கை அது. குங்குமம் சிவப்பாக ஓடியது, பிறகு தண்ணீர் தெளிந்தது. கிழிந்த மல் வேட்டித் துணியில் ஒற்றி, நிழலில் உலர வைத்தோம். வட்டத்தின் மேல் ஒரு எழுத்தும் கிடையாது, எது எது என்று கலந்துபோனால் தொலைந்தோம். ஆகவே புரோகிராமை வெள்ளித் தட்டிலும், தீசிஸின் முதல் பாதியை எவர்சில்வர் தட்டிலும், பின்பாதியை வாழை இலையிலும் வைத்தோம். வாழை நோய் வாழை இலைக்கே வந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

புதுப் பெட்டியில் எழுதாத ஃபிளாப்பிகள் சில பாக்கி இருந்தன. அவற்றுக்கு மாமி பெட்டியின் மேலேயே பொட்டு வைத்து முடித்திருந்தார், அந்த மட்டும் தப்பித்தோம். ஒன்றின் உறையைத் திறந்து அதன் வட்டத்தை எடுத்துவிட்டு, வெள்ளித் தட்டில் இருந்ததை உள்ளே நுழைத்தேன். வாயில் தள்ளி, கதவை மூடி, சுவிட்சைப் போட்டேன். கர்ர் என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் கர்ர். மாமி வாய்க்குள் என்னவோ ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. திரையில் மஞ்சள் எழுத்து வந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். மடியும் ஆசாரமும் பார்க்கிற மாமி என்னைக் கட்டிக்கொண்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, மாமி உட்பட. உடனே அதற்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலை நான் என் பைக்குள் போட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பிறகு எவர்சில்வர் தட்டு, பிறகு வாழை இலை. பின்பாதியில் இரண்டு பக்கம் மட்டும் வரவில்லை. அதன் நகலைக் கழுவி உலர்த்துவதற்குள் அடித்தே விடலாம். லெக்சரர் கையால் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது, என் சிநேகிதி உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துச் சேர்த்தாள். மற்ற வரிகள் இடம் விட்டு நகர்ந்துகொண்டன.

பிரிண்டர் அன்று மத்தியானம் முழுக்க, மறுநாள் மத்தியானம் வரைக்கும் கிர்ர் கிர்ர் என்று அடித்தது. சாயங்காலம் விளக்கு மங்கியபோதும் அந்த இரும்புப் பெட்டி புண்ணியத்தில் நிற்காமல் அடித்தது. நாற்காலியின் காசைத் தின்ற அதை நான் அன்றைக்குத்தான் மன்னித்தேன். மாமி ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கி ஓரம் தட்டி அடுக்கினார்.

லெக்சரர் வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்து அச்சடித்த புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு காகிதத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், சந்தன வாசனை வருகிறதே என்றார். பூஜையில் வைத்திருந்தோம் சார் என்று என் சிநேகிதி சொன்னாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனார். அடுத்த வாரமே அவர் காலேஜிலிருந்து ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

கையில் முதல் பணம் வந்ததும் ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்றாள் சிநேகிதி. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்று நான் பஸ் ஏறினேன். இன்ஸ்டிட்யூட் மாடிப் படியில் நான் ஏறுவதைப் பார்த்த முதலாளி, ஒரு மாதம் சொன்னேன், அதற்கு மேலேயே ஆகிவிட்டதே என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தூசு தட்டி முன்னால் இழுத்துப் போட்டார்.

"உக்கார வரலை சார். எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். என்ன விலைன்னு சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு விலை சொன்னார். பழைய நாற்காலிக்குப் புது விலை. குறைத்துக் கேட்கவில்லை. அவர் சும்மா கொடுத்திருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் நாற்காலியை ஏற்றி, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். காவேரிப் பாலத்தில் போகும்போது காற்று அடித்தது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் எதிரே வந்தவர்கள் ஒரு பெண்ணும் ஒரு நாற்காலியும் ஊர்வலம் போவதைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டு வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார். கையில் சந்தனக் கிண்ணம். அன்றைக்குப் பிறகு எதற்கும் பொட்டு வைப்பதற்கு முன்னால் எங்களைக் கேட்டுக்கொள்வது என்று அவர் ஒரு விரதமே எடுத்திருந்தார். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்கு மூஞ்சி கிடையாது. முதுகுதான் இருக்கு. வெக்கலாமோன்னோ?"

"வைங்க மாமி" என்றேன்.

சாய்கிற இடத்தில், பிரம்புக்கு மேலே இருந்த தேக்குப் பலகையின் நடுவில் ஈரச் சந்தனமும் குங்குமமுமாக வைத்தார். எனக்குப் பொறுமை ஏது? காய்வதற்குள் உட்கார்ந்து, சாய்ந்து, அடுத்த தீசிஸை ஆரம்பித்துவிட்டேன். இனி இதில் உட்கார்ந்தால் பேரை மாற்றிக் கூப்பிடுங்கள் என்று சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, என் முதுகில் என்ன அது என்று அம்மா கேட்டாள். கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தேன். ரவிக்கையின் நடுவில் பொட்டு அப்படியே ஒட்டியிருந்தது. எனக்கும் பூஜை போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு, அந்த ரவிக்கையைத் துவைக்காமல் மடித்து வைத்தேன்.